தூர் நகர கிரகோரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த கிரகோரி?

6ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் தூர் நகரத்துக்கு ஆயராக இருந்தவர். 573 முதல் 594 வரை, 21 ஆண்டுகள். மேற்கில் ரோமப் பேரரசு விழுந்த பிறகு அந்த நிலத்தை ஆண்டவர்கள் மெரோவிங்கிய வம்சத்துப் பிராங்கு அரசர்கள். அவர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவர் எழுதி வைத்துவிட்டுப் போனதுதான். இவர் எழுதாமல் விட்டிருந்தால் சில சட்டத் தொகுப்புகள், கடிதங்கள், கவிதைகள், கல்லறைகள், நாணயங்கள் இவ்வளவுதான் மிஞ்சியிருக்கும். ஓர் அரசி தன் பிள்ளைகள் சாகக் கிடக்கும்போது என்ன சொல்லி அழுதாள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் பிராங்கு இனத்தவரா?

இல்லை. பிராங்கு அரசர்களின் கீழ் வாழ்ந்த ரோமானியக் குடும்பத்துப் பிள்ளை. ஏறத்தாழ 538இல் ஒவெர்ன் பகுதியின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜார்ஜியஸ் புளோரன்டியஸ். தாய்வழிக் கொள்ளுத் தாத்தா லாங்கர் நகர ஆயர் கிரகோரி. அவர் பெயரைத்தான் பிறகு தனக்குச் சூட்டிக்கொண்டார். சித்தப்பா கல்லுஸ் கிளெர்மோனின் ஆயர். தாயின் தாய்மாமன் நிசேத்தியுஸ் லியோனின் ஆயர். தனக்கு முன் தூர் நகரத்தில் இருந்த ஆயர்களில் ஐந்து பேர் தவிர மற்ற எல்லாரும் தன் உறவுக்காரர்கள் என்று அவரே எழுதுகிறார். பழைய ரோமானியப் பிரபுக் குடும்பங்கள் அரசியல் பதவிகள் போன பிறகு ஆயர் பதவிகளைப் பிடித்துக்கொண்டு தங்கள் செல்வாக்கைக் காப்பாற்றிக்கொண்ட காலம் அது.

எப்படித் தூர் நகரத்துக்கு வந்தார்?

முதலில் நோயாளியாக வந்தார். 563இல் கடும் காய்ச்சலில் விழுந்து, தூரில் இருந்த புனித மார்ட்டினின் கல்லறைக்குப் போய்க் குணமானார். 397இல் இறந்த மார்ட்டின், தன் போர்வையை வெட்டிப் பாதியைப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்த போர்வீரர் என்று நம்மூர்க் கத்தோலிக்கர் பலருக்கும் தெரிந்த அதே புனிதர்தான். அவர் கல்லறையால்தான் தூர் அந்த நாட்டின் பெரிய திருத்தலமாக இருந்தது.

573இல் ஆயர் யூப்ரோனியுஸ் இறந்ததும், நாட்டைப் பங்கிட்டு ஆண்ட சகோதரர்களில் ஒருவனான சிகிபெர்ட் அரசனும் அவன் அரசி புருன்ஹில்டும் விரும்பியபடி கிரகோரி ஆயரானார். அபிஷேகம் நடந்தது ரீம்ஸ் நகரில். உள்ளூரில் எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. “ஒவெர்ன்காரர்களிடமிருந்து இந்த ஊரைச் சுத்தம் செய்தவன் நான்” என்று ரிகுல்ஃப் என்ற ஒரு குரு பின்னால் ஒருமுறை மார்தட்டியிருக்கிறார். கிரகோரி அதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். தன் குடும்பமே அந்த ஊருக்கு ஆயர்களைத் தந்தது என்று அவர் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆயர் என்றால் பூசை வைப்பது, பிரசங்கம் செய்வது, அவ்வளவுதானா?

அதைத் தாண்டி ஊர் நிர்வாகத்தில் பாதி அவர் தலையில்தான் இருந்தது. கிரகோரியைப் படிக்க இதைப் புரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். அவர் நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய அறிஞர் இல்லை. வரி, கொலை, அடைக்கலம், அரச குடும்பச் சண்டை எல்லாம் அவர் வாசலுக்கு வந்தன.

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 589இல் சிகிபெர்ட்டின் மகன் இரண்டாம் சில்டெபெர்ட் அரசனின் ஆட்கள் பழைய வரிப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வசூலுக்கு வந்தார்கள். புனித மார்ட்டினின் மேல் இருந்த பயத்தால் தூருக்கு முந்தைய அரசர்கள் தந்த விலக்கைச் சொல்லி, இந்த ஏட்டை உள்ளூர்ப் பகையால் யாரோ ஒளித்து வைத்திருந்து இப்போது கொடுத்திருக்கிறார்கள் என்று வாதாடி, அரசனுக்கு ஆள் அனுப்பி, விலக்கை உறுதி செய்யும் கடிதத்தை வாங்கிவிட்டார்.

அடைக்கலம் இன்னும் ஆபத்தானது. மார்ட்டின் கோயிலுக்குள் ஓடி வந்துவிட்டால் யாரும் தொடக் கூடாது. குண்ட்ராம் போசோ என்ற தளபதி வந்து ஒளிந்தான். பிறகு சில்பெரிக் அரசனின் சொந்த மகன் மெரோவெக்கே தகப்பனுக்குப் பயந்து வந்து சேர்ந்தான். மெரோவெக்கை வெளியே தள்ளாவிட்டால் ஊரையே கொளுத்துவேன் என்று அரசன் சொல்லி அனுப்பினான். கிரகோரி தள்ளவில்லை. ஊரைச் சுற்றியிருந்த வயல்கள் அழிந்தன.

சிகார், கிராம்னெசிந்த் கதை என்ன? எல்லாரும் அதைச் சொல்கிறார்களே?

585ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ். தூருக்குப் பக்கத்தில் மாந்தெலான் என்ற ஊர். அந்த ஊர்க் குரு, சிலரைக் குடிக்கக் கூப்பிட ஒரு வேலைக்காரப் பையனை அனுப்பினார். கூப்பிடப் போன இடத்தில் ஒருவன் வாளை உருவி அந்தப் பையனைக் கொன்றுவிட்டான். குருவின் நண்பன் சிகார் ஆயுதத்தோடு கிளம்பினான். சண்டை முற்றி, கொள்ளை, வழக்கு, தீர்ப்பு எல்லாம் நடந்தும் அடங்கவில்லை. ஒரு நாள் இரவு சிகார் ஒரு வீட்டில் புகுந்து ஔனோ என்பவனையும் அவன் சகோதரனையும் மகனையும் கொன்றான். ஔனோவின் இன்னொரு மகன்தான் கிராம்னெசிந்த்.

கிரகோரி இரு தரப்பையும் கூப்பிட்டார். இழப்பீடு கொடுக்க வழியில்லாதவனுக்காகத் திருச்சபையே பணம் கட்டும், பழி வாங்குவது நிற்கட்டும் என்றார். கிராம்னெசிந்த் முதலில் மறுத்தான், சிகாரின் வீட்டைக் கொளுத்தினான். கடைசியில் திருச்சபையின் வெள்ளியைக் கொடுத்துத்தான் சமாதானம் ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். இரண்டு பேரும் உயிர் நண்பர்கள் ஆகிவிட்டார்கள். ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் தூங்கினார்கள். ஒரு நாள் கிராம்னெசிந்த் வீட்டு விருந்தில் போதை ஏறிய சிகார், “உன் சொந்தக்காரர்களை நான் கொன்றதற்கு நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த இழப்பீட்டில்தான் உன் வீட்டில் பொன்னும் வெள்ளியும் நிறைந்திருக்கிறது” என்றான். கிராம்னெசிந்த் விளக்குகளை அணைத்தான். சிகாரின் தலையைப் பிளந்தான். உடலை நிர்வாணமாக வேலிக் கம்பத்தில் தொங்கவிட்டுவிட்டு அரசனிடம் குதிரையில் போனான். சிகாருக்கு அப்போது வயது ஏறக்குறைய இருபது.

இந்தக் கதையில் அரசர்கள் யாரும் முக்கியமில்லை, போர் இல்லை. ஓர் ஊர்ச் சண்டை. அதை அந்த விளக்கு அணைந்த கணம் வரை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பதற்காகவே எனக்கு கிரகோரி மேல் பெரிய மரியாதை உண்டு.

என்னென்ன எழுதினார்?

பத்து நூல்கள் கொண்ட வரலாறு, ஏழு நூல்கள் அற்புதங்கள், புனிதத் தந்தையரின் வாழ்க்கை பற்றி ஒன்று, சங்கீதங்களுக்கு ஒரு விளக்கவுரை, இரவு வழிபாட்டு நேரங்கள் பற்றி ஒன்று என்று அவரே வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டிருக்கிறார். விளக்கவுரையில் சில துண்டுகள்தான் கிடைத்திருக்கின்றன. மற்றவை நம் கையில் இருக்கின்றன.

“பிராங்குகளின் வரலாறு” என்பது அவர் வைத்த தலைப்பா?

அவர் வைத்தது “பத்து வரலாற்று நூல்கள்”. பிராங்குகள் பெயர் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அந்தத் தலைப்பை நம்பிப் படித்தால் ஒரு நாட்டின் பிறப்பைத் தேடிக்கொண்டு போவோம், ஏமாந்தும் போவோம். முதல் நூல் உலகப் படைப்பில் தொடங்கி மார்ட்டினின் மரணத்தில் முடிகிறது. இரண்டாவது, 511இல் பிராங்கு அரசன் குளோவிஸ் இறப்பது வரை. நான்காவது, 575இல் சிகிபெர்ட் விஷம் தோய்த்த கத்திகளால் கொல்லப்படுவதோடு முடிகிறது. ஐந்து முதல் பத்து வரையுள்ள ஆறு நூல்களும் வெறும் 16 ஆண்டுகளைத்தான் சொல்கின்றன, 575 முதல் 591 வரை. அதாவது அவர் ஆயராக இருந்து கண்ணால் பார்த்த காலம். நூலின் உயிர் அங்கேதான்.

குளோவிஸ் பற்றிய கதைகளை நம்பலாமா?

கவனமாக நம்பலாம். சுவாசோன் பாத்திரக் கதை பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கொள்ளையில் கிடைத்த கோயில் பாத்திரத்தை ஆயரிடம் திருப்பிக் கொடுக்க குளோவிஸ் கேட்கிறான். ஒரு வீரன் “உன் பங்குக்கு மேல் உனக்கு எதுவும் கிடையாது” என்று கோடரியால் அதை அடிக்கிறான். அடுத்த ஆண்டு அணிவகுப்பில் அதே வீரனின் ஆயுதத்தைக் குளோவிஸ் கீழே எறிகிறான்; அவன் எடுக்கக் குனியும்போது, “பாத்திரத்தை நீ இப்படித்தான் செய்தாய்” என்று மண்டையைப் பிளக்கிறான்.

கிரகோரி இதை எழுதியது குளோவிஸ் இறந்து இரண்டு தலைமுறைக்குப் பிறகு. தேதிகளில் சிக்கல் உண்டு. குளோவிஸின் திருமுழுக்கு 496ஐ ஒட்டி நடந்ததாக அவர் கணக்குச் சொல்கிறது. அதை 508 வரைக்கும் தள்ளிப் போடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிராங்குகளுக்கு முதல் அரசன் யார் என்று தேடும் இடத்தில், சுல்பிசியுஸ் அலெக்சாந்தர், ரெனாத்துஸ் பிரொபுதூருஸ் பிரிகெரிதுஸ் என்ற இரண்டு பழைய எழுத்தாளர்களை வரிவரியாக எடுத்துப் போட்டு, இவர் அரசன் என்கிறாரா, தளபதி என்கிறாரா என்று பார்த்துக்கொண்டே போகிறார். அந்த இருவரின் நூல்களும் தொலைந்துவிட்டன. கிரகோரி எடுத்தெழுதிய பத்திகளில்தான் அவர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

சில்பெரிக் அரசனோடு அவருக்கு என்ன பகை?

சில்பெரிக் சிகிபெர்ட்டின் சகோதரன், எதிரியும்கூட. சிகிபெர்ட் கொல்லப்பட்டதும் தூர் அவன் கைக்குப் போனது. 584இல் செல் என்ற இடத்தில் அவனும் கொல்லப்பட்டபோது “நம் காலத்து நீரோ, ஏரோது” என்று கிரகோரி எழுதினார். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இரண்டு விசாரணைகள் உண்டு.

முதலாவது 577இல், பாரிசில். ரூவான் நகர ஆயர் பிரெதெக்ஸ்தாத்துஸ், மெரோவெக்குக்கும் சிகிபெர்ட்டின் விதவையான புருன்ஹில்டுக்கும் திருமணம் செய்து வைத்தவர். அவர் மேல் துரோகக் குற்றச்சாட்டு. மற்ற ஆயர்கள் வாய் திறக்கப் பயந்தபோது கிரகோரி எழுந்து, அரசனுக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்றார். செய்தி உடனே அரசன் காதுக்குப் போனது.

சில்பெரிக் அவரைக் கூப்பிட்டான். மரக்கிளைகளால் போட்ட ஒரு பந்தலுக்குப் பக்கத்தில் நின்றான்; முன்னால் ரொட்டியும் பல பதார்த்தங்களும். “காக்கையின் கண்ணைக் காக்கை கொத்தாது” என்று குத்திப் பேசினான். தூர் மக்களைக் கூட்டி உனக்கு எதிராகக் கத்த வைப்பேன் என்றான். கிரகோரி அசையாததைப் பார்த்துத் தணிந்து, ஒரு குழம்பைக் காட்டி, “உங்களுக்காகவே செய்யச் சொன்னேன். கோழியும் கொஞ்சம் கொண்டைக்கடலையும் தவிர இதில் ஒன்றும் இல்லை” என்றான். சட்டத்தை மீற மாட்டேன் என்று அரசன் சத்தியம் செய்த பிறகுதான் கிரகோரி கை நீட்டினார். அதுவும் ரொட்டியும் திராட்சை இரசமும் மட்டும்.

அன்று இரவே சில்பெரிக்கின் அரசி பிரெடெகுண்டின் ஆட்கள் கதவைத் தட்டினார்கள். எதிர்த்துப் பேசாமல் ஒத்துக்கொண்டால் 200 ராத்தல் வெள்ளி. ஆயிரம் ராத்தல் பொன்னும் வெள்ளியும் தந்தாலும் கடவுள் சொன்னதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்று அனுப்பிவிட்டார். அந்த வழக்கில் அவர் தோற்றார். பிரெதெக்ஸ்தாத்துஸ் நாடுகடத்தப்பட்டார், சில்பெரிக் இறந்த பிறகு திரும்பி வந்தார், 586இல் தன் பேராலயத்துக்குள்ளேயே குத்தப்பட்டு இறந்தார்.

இரண்டாவது விசாரணை 580இல், பெர்னி என்ற அரச மாளிகையில். இந்த முறை குற்றம் சாட்டப்பட்டவர் கிரகோரியே. தூரின் அதிகாரியாக இருந்த லெயுதாஸ்த், அரசியையும் போர்தோ ஆயரையும் இணைத்துக் கிரகோரி அவதூறு பரப்பினார் என்று புகார் கொடுத்தான். கிரகோரி மூன்று பீடங்களில் பூசை வைத்து, ஒவ்வொன்றிலும் சத்தியம் செய்து தப்பித்தார். லெயுதாஸ்த் சமையல்கட்டு அடிமையாக இருந்தவன் என்றும், ஓடிப்போனதற்காக அவன் காதை அறுத்தார்கள் என்றும் கிரகோரி சொல்கிறார். எதிரியைப் பற்றி எழுதும்போது அவர் கை கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அவர் ஒருதலைப்பட்சமானவர்தானே?

ஆமாம். தன்னை நியமித்த புருன்ஹில்டைப் பற்றிக் குறை ஏதும் சொல்வதில்லை. சில்பெரிக்கின் இன்னொரு சகோதரன் குண்ட்ராம் அரசனை நல்லவன் என்கிறார். சில்பெரிக் அரிச்சுவடியில் நான்கு எழுத்துகளைச் சேர்த்தது, கவிதை எழுதியது, மூவொரு கடவுள் பற்றிச் சொந்தக் கருத்து எழுதியது எல்லாவற்றையும் இகழ்ச்சியோடுதான் குறிப்பிடுகிறார். அந்த அரசனுக்கு அறிவு ஆர்வம் இருந்தது என்பது நமக்குப் புரிவதே அந்தக் குறிப்புகளால்தான்.

அவருடைய நேர்மை வேறு இடத்தில் இருக்கிறது. தான் ஒரு கட்சி என்பதை அவர் மறைக்கவில்லை. அரசன் தன்னை எதிர்த்துப் பேசிய வார்த்தைகளையும் பதிவு செய்கிறார். 587இல் அரசர்கள் செய்துகொண்ட ஆந்தெலோ ஒப்பந்தத்தை முழுதாக எடுத்துப் போடுகிறார். 589இல் புவாத்தியே கன்னியர் மடத்தில் அரச குலத்துப் பெண்கள் கலகம் செய்தபோது விசாரித்த ஆயர்களில் அவரும் ஒருவர். அந்தத் தீர்ப்பின் வாசகத்தையும் சேர்த்திருக்கிறார். நாம் அவரோடு முரண்படுவதற்கு வேண்டிய சான்றுகளையும் அவரே தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பிரெடெகுண்டைக் கொடியவளாக மட்டும்தான் காட்டுகிறாரா?

ஐந்தாம் நூலின் 34ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். 580 ஆகஸ்டில் நாடு முழுக்க வயிற்றுக்கடுப்பு நோய் பரவியது. முதலில் செத்தவர்கள் குழந்தைகள். மடியில் வைத்துக் கொஞ்சியவர்கள், கைகளில் சுமந்தவர்கள், நம் கையாலேயே ஊட்டி வளர்த்த செல்லங்களை இழந்தோம் என்று எழுதுகிறார். “இழந்தோம்” என்றே சொல்கிறார். மணமாகாத ஆயர், ஊர்க் குழந்தைகளைத் தன் பிள்ளைகளாகச் சேர்த்துக்கொள்கிறார்.

அதே நோய் அரண்மனைக்கும் வந்தது. பிரெடெகுண்டின் இரண்டு மகன்களும் படுத்தார்கள். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கணவனிடம் சொல்கிறாள்: ஏழைகளின் கண்ணீரும் விதவைகளின் புலம்பலும் அநாதைகளின் பெருமூச்சும்தான் நம் பிள்ளைகளைக் கொல்கின்றன; யாருக்குச் சேர்க்கிறோம் என்று தெரியாமல் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்; வா, அந்த அநியாய வரி ஏடுகளைக் கொளுத்துவோம். தன் ஊர்களின் ஏடுகளை அவளே நெருப்பில் போட்டாள். சில்பெரிக் தயங்கினான். “ஏன் நிற்கிறாய்? நான் செய்வதைப் பார்த்துச் செய்” என்றாள். அவனும் போட்டான். பிள்ளைகள் பிழைக்கவில்லை. மூத்தவன் குளோதோபெர்ட்டைக் கட்டிலில் வைத்து சுவாசோனில் இருந்த புனித மெதார்து கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நள்ளிரவில் அங்கே உயிர் போனது.

தனக்கு லஞ்சம் அனுப்பியவள், தன்மேல் வழக்கு வரக் காரணமாக இருந்தவள். அவள் வாயில் இவ்வளவு உண்மையான அழுகையை வைக்க ஒரு பெரிய மனது வேண்டும்.

அவருடைய லத்தீன் மோசமானது என்கிறார்களே?

பழைய இலக்கணப்படி பார்த்தால் தவறுகள் உண்டு. வேற்றுமையும் பாலும் மாறும். அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். கூடவே, தத்துவம் பேசும் புலவனைப் புரிந்துகொள்பவர்கள் சிலர், நாட்டுப்புறமாகப் பேசுபவனைப் புரிந்துகொள்பவர்கள் பலர் என்று சனங்கள் சொல்வதையும் எடுத்துச் சொல்கிறார். அவருடைய தாய் அர்மென்தாரியாவும் கனவில் வந்து, உன் பேச்சு மக்களுக்குப் புரிகிறது, அதனால் மார்ட்டினின் அற்புதங்களை எழுது என்று அவரைத் தூண்டியதாகக் குறிப்பு இருக்கிறது. அந்த மொழியால்தான் கொண்டைக்கடலைக் குழம்பு வரை உள்ளே வர முடிந்தது.

அற்புதங்களை அவர் உண்மையிலேயே நம்பினாரா?

முழு மனதோடு. ஆயரான இரண்டாவது மாதத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து, மருத்துவர் அர்மென்தாரியுஸ் கைவிட்ட நிலையில், மார்ட்டின் கல்லறையின் தூசியைத் தண்ணீரில் கலந்து குடித்துத்தான் எழுந்தார். நாக்கும் உதடும் வீங்கியபோது கல்லறையின் மரக் கிராதியை நாக்கால் நக்கினார். வேளாங்கண்ணி எண்ணெயை நெற்றியில் பூசிப் படுக்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

தன் அகந்தையையும் அவர் விடவில்லை. தந்தை கழுத்தில் அணிந்திருந்த தங்கச் சிமிழில் புனிதர்களின் திருப்பண்டங்கள் இருந்தன. ஒரு பயணத்தில் இடியும் மின்னலுமாக வந்தபோது கிரகோரி அதைத் தூக்கிப் பிடித்தார், மேகம் விலகியது. என் தூய்மைக்கும் இதில் பங்குண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனவரைக் குதிரை தரையில் தள்ளிவிட்டது.

இந்தியாவைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கிறாரா?

சொல்லியிருக்கிறார். மறைசாட்சிகளின் மகிமை பற்றிய நூலில் அப்போஸ்தலர் தோமா இந்தியாவில் கொல்லப்பட்டார் என்றும், அவர் உடல் பிறகு எதெஸா நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டது என்றும் எழுதுகிறார். முதலில் அடக்கம் செய்த இடத்தில் ஒரு மடமும் வியக்கத்தக்க அளவில் பெரிய, அழகான கோயிலும் இருக்கின்றன. அங்கே எண்ணெயும் திரியும் இல்லாமல் ஒரு விளக்கு இரவு பகலாக எரிகிறது. அந்த இடத்துக்கே போய் வந்த தெயோதோருஸ் என்பவர் தன்னிடம் சொன்னதாகக் குறிப்பிடுகிறார். மயிலாப்பூர்ச் சாந்தோம் மரபைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைக் காட்டுவதுண்டு. கிரகோரி ஊர்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே அத்தியாயத்தில் வரும், ஜூலையில் சுங்கமில்லாமல் 30 நாள் நடக்கும் சந்தை எதெஸாவைப் பற்றியது.

நட்சத்திரங்களைப் பற்றியும் எழுதினாரா?

ஆமாம், சோதிடத்துக்காக இல்லை. கடிகாரம் இல்லாத இரவில் மடத்துக்காரர்கள் எப்போது எழுந்து செபிக்க வேண்டும், எந்த நட்சத்திரம் உதித்தால் விடிவதற்குள் எத்தனை சங்கீதங்கள் பாடலாம் என்று சொல்லும் கைந்நூல். புலவர்கள் சொன்ன பெயர்களை விட்டுவிட்டு ஊரார் சொல்லும் பெயர்களையே எடுத்துக்கொண்டார். நாம் கார்த்திகை என்கிற கூட்டம் அவருக்குத் திராட்சைக் கொத்து.

போப் பெரிய கிரகோரியும் இவரும் ஒருவரா?

இல்லை. சமகாலத்தவர்கள். 589இல் ரோமில் வெள்ளம் வந்தது, 590இல் கொள்ளைநோய் வந்தது, அந்த கிரகோரி போப் ஆனது எல்லாவற்றையும் அப்போது அங்கே இருந்த தன் திருத்தொண்டர் சொல்லக் கேட்டுப் பத்தாம் நூலின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் எழுத்து எப்படி நம்மிடம் வந்தது?

அவர் பயந்தபடியும், பயந்ததற்கு மாறாகவும். தனக்குப் பின் வரும் தூர் ஆயர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ஓர் ஆணை வைத்தார்: இந்த நூல்களை அழிக்காதீர்கள், சிலவற்றை எடுத்துச் சிலவற்றை விட்டு மாற்றி எழுதாதீர்கள், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், வேண்டுமானால் செய்யுளாக மாற்றுங்கள், முழுமையைக் கெடுக்காதீர்கள். 7ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் முதல் ஆறு நூல்களை மட்டும் எடுத்து, அதிலும் திருச்சபை விஷயங்கள் பலவற்றை வெட்டிவிட்டுப் படியெடுத்தார். நல்லவேளையாகப் பத்தும் அடங்கிய படிகளும் தப்பின.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஐந்தாம் நூலிலிருந்து. முதல் நூல் பெரும்பாலும் வேதாகமச் சுருக்கம், பிறகு திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். மெரோவிங்கிய அரசர்களின் வம்ச வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் ஒன்றுபோல் இருந்து குழப்பும். அரசன் சாவு, ஆலங்கட்டி மழை, ஓர் ஏழைத் துறவியின் நோன்பு எல்லாம் அடுத்தடுத்து வரும். அந்த வரிசையை மாற்றாமல் அப்படியே படியுங்கள். நல்லதும் கெட்டதும் கலந்தே நடந்தன என்று முன்னுரையில் சொன்னவர், அவற்றைப் பிரித்து அடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை.